கடைவாய்க் கணக்கு

வாயைத் திறங்க, இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம் என்று டாக்டர் ஜெபராஜ் சொல்லிக்கொண்டே போக, இதற்கு மேல் திறந்தால் தாடை கழன்று கையோடு வந்துவிடும் என்கிற இடத்தில் கனகவேல் நிறுத்தினார். சரி, இனி ஒரு மணி நேரத்துக்கு என்ன நினைத்தாலும் அது உள்ளுக்குள்ளேயேதான் கிடக்க வேண்டும். பேச வந்த மனுஷனுக்கு இப்படியா ஆக வேண்டும். பல்வலி நாலு நாளாக இருந்தது நிஜம், கிராம்பும் உப்புத்தண்ணீரும் கைவிட்டது நிஜம், ஆனால் கோவில்பட்டியில் இத்தனை பல் ஆஸ்பத்திரி இருக்க இந்த மாடிப்படி ஏறி வந்தது வேறு காரியத்துக்கு. இங்கே டாக்டருக்குப் பக்கத்தில் நின்று எல்லாம் எடுத்துக் கொடுக்கிற செண்பகவல்லி என்கிற பெண்ணிடம் ஒரே ஒரு கேள்வி கேட்க வேண்டும், மாசம் என்னம்மா தாறாங்க. அவ்வளவுதான். மகள் அன்னலெட்சுமி இதே வேலைக்கு நாலு வருஷம் பட்டப்படிப்பு படிக்கப் போகிறேன் என்கிறாள். பல் டாக்டர் படிப்பில்லை, டாக்டருக்குத் துணை நிற்கிற படிப்பு. அதற்கு பேங்க்கில் நாலு லட்சம் கடன் எழுதியிருக்கிறது, இன்றைக்கு மூன்று மணிக்குள் அப்பன்காரன் போய்க் கையெழுத்துப் போட வேண்டும், நாளையும் மறுநாளும் பேங்க் லீவு, திங்கட்கிழமை காலேஜில் பணம் கட்டக் கடைசி நாள். இதெல்லாம் தெரிந்தும், ஒரு பொம்பளைப் பிள்ளையிடம் எடுத்த எடுப்பில் சம்பளத்தைக் கேட்க நாக்கு வராமல், எந்த ஊரும்மா, பஸ்ஸுல வாறியா வண்டியா, எத்தனை வருஷமா இருக்க என்று ஊரைச் சுற்றி வந்து, கேள்வி உதட்டுக்கு வந்த நேரம் பார்த்து அவள் இவர் கழுத்தில் ஒரு தாளைக் கட்டி நாற்காலியைச் சாய்த்துவிட்டாள். பதினொரு வருஷம் என்பது மட்டும் தெரிந்தது.

ஊசி போடும்போது கண்ணை மூடிக்கொண்டார். வலித்தால் இடது கையைத் தூக்குங்க, உடனே நிறுத்திவிடுகிறேன் என்று டாக்டர் சொன்னதுக்குத் தலையாட்டியும் வைத்தார். அதில்தான் வந்தது வினை. கனகவேலுக்கு வேலை பைபாஸ் ரோட்டில் லாரி எடை மேடையில். இருபத்திரண்டு வருஷமாக வலது கை பட்டனிலும் எடைச்சீட்டிலும் கிடக்க, மனக்கணக்கெல்லாம் இடது கையில்தான், கட்டைவிரலால் மற்ற விரல்களின் கணுவைத் தொட்டுத் தொட்டு, ஒரு விரலுக்கு மூன்று, நாலு விரலுக்குப் பன்னிரண்டு. கணக்கு பெரிதானால் கை தானாக முகத்துக்கு நேரே வந்துவிடும். இன்றைக்கும் அப்படித்தான். வருஷத்துக்கு எண்பத்தைந்தாயிரம் காலேஜுக்கு, நாலு வருஷம், மூன்று லட்சத்து நாற்பது. ஹாஸ்டல் ஐம்பத்தைந்து, நாலு வருஷம், இரண்டு இருபது. ஆக ஐந்து அறுபது. பேங்க் நாலு, மீதி ஒன்று அறுபதுக்குப் பெண்டாட்டி சீனித்தாயின் சங்கிலி, ஏலச்சீட்டு, அப்புறம் கடவுள். பேங்க் நாலு லட்சம் அப்படியே நிற்குமா, படிக்கிற காலத்து வட்டி ஏறி ஐந்தரையாகி, மாசம் ஏழாயிரத்து அறுநூறு, பத்து வருஷம், அப்படியென்றால் நூற்றிருபது தவணை, ஏழாயிரத்து அறுநூறு இன்ட்டு நூற்றிருபது, ஒன்பது லட்சத்து, ஒன்பது லட்சத்துப் பன்னிரண்டாயிரம் என்று விரல் முடிகிற நேரத்தில் டாக்டர் சட்டென்று மிஷினை நிறுத்தி, வலிக்குதாண்ணே என்றார். பார்த்தால் கை மேலே நிற்கிறது. இல்லை, ஒன்பது லட்சத்துப் பன்னிரண்டாயிரம் என்று எப்படிச் சொல்வது, வாய்க்குள் பாதி ஆஸ்பத்திரி இருக்கிறது. ஆ ஆ என்றார். பாவம் நல்லா வலிக்குது போல என்று டாக்டர் இரக்கப்பட்டு இன்னொரு ஊசி ஏற்றினார். கையைத் தூக்காத மனுஷனாக இனி இருக்க வேண்டும் என்று இடது கையைத் தொடைக்கடியில் கொடுத்து உட்கார்ந்துகொண்டார், பள்ளிக்கூடத்தில் வாத்தியார் உட்காரச் சொன்ன மாதிரி. அப்போதுதான் கவனித்தார், மூலையில் நின்ற மகள் அன்னம் அவருடைய விரலைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். டாக்டருக்கு வேண்டுமானால் அது வலி. அவளுக்குத் தெரியும் அது என்னவென்று. பார்த்துவிட்டு வேறு பக்கம் திரும்பிக்கொண்டாள்.

துணைக்கு வருகிறேன் என்று அவளாகத்தான் கிளம்பி வந்தாள். வெளியே பெஞ்சில் இருப்பாள் என்று பார்த்தால், டாக்டர், நான் உள்ள நின்னு பாக்கலாமா என்று கேட்டு, அவர் தாராளமா என்று சொல்லி, முகமூடி ஒன்றும் வாங்கி மாட்டிக்கொண்டு நிற்கிறாள். கண் மட்டும் தெரிகிறது. அது அவருடைய கண், சீனித்தாய்க்கு அதில் கொஞ்சம் வருத்தம்கூட உண்டு. பெற்ற அப்பன் வாயைப் பிளந்து கிடக்கிறானே என்று இவள் அப்பனையா பார்க்கிறாள். செண்பகவல்லியின் கையைப் பார்க்கிறாள். டாக்டர் கையை நீட்டுகிறார், என்ன வேண்டும் என்று வாயால் கேட்கவில்லை, அந்தக் கையில் ஒரு சின்ன ஊசிக் கம்பி வந்து உட்காருகிறது, அவர் அதைத் திருப்பிக் கொடுப்பதற்கு முன்னால் அடுத்தது தயாராகி நிற்கிறது. இது ஒரு வேலையா என்றுதான் கனகவேல் இவ்வளவு நாளும் நினைத்திருந்தார், எடுத்துக் கொடுப்பதற்கு நாலு வருஷமா. இப்போது கீழே படுத்துப் பார்க்கும்போது கொஞ்சம் வாயடைத்துத்தான் போனது, ஏற்கெனவே அடைத்திருந்த வாய் என்றாலும். இந்தக் கழுதைக்கு இந்தப் பல் பைத்தியம் எங்கிருந்து பிடித்தது. முதல் பல் விழுந்தபோது சீனித்தாய் முறைப்படி சாணியில் உருட்டி, வீட்டுக் கூரைமேல எறி, புதுப்பல் அரிசி மாதிரி முளைக்கும் என்றாள். ஆறு வயசுப் பிள்ளை, மாட்டேன் என்று கையை மூடிக்கொண்டது. நம்ம வீடு தகரம், அது உருண்டு சாக்கடையில விழுந்துரும் என்று நியாயம் பேசியது. அதிலிருந்து விழுந்த பல்லெல்லாம் ஒரு தீப்பெட்டிக்குள் போயிற்று, விழுந்த தேதியை ரப்பர் வைத்த பென்சிலால் எழுதி. எட்டு வயசில் தெருப்பிள்ளைகளுக்கு ஆடுகிற பல்லை நூல் கட்டிப் பிடுங்கிக் கொடுத்து, ஒரு பல்லுக்கு ஒரு மிட்டாய் என்று வியாபாரமே நடத்தினாள். ஒருநாள் எதிர்வீட்டுப் பையனுக்கு ஆடாத பல்லையும் பிடுங்கப் பார்த்து, அவன் அம்மா வந்து வாசலில் நின்று கத்திய கத்தலை நினைத்தால் இப்போதும் சிரிப்பு வருகிறது. சிரிப்பு வந்தது, உதடு வரவில்லை. வலதுபக்கம் உதடு எங்கே போனது. நாக்கால் தேடினார், நாக்கையும் பாதி காணோம்.

டாக்டர் நல்ல மனுஷன், ஆனால் பேச்சை நிறுத்த மாட்டார். பதில் சொல்ல முடியாத ஆளாகப் பார்த்துக் கேள்வி கேட்பார். எங்கண்ணே வேலை, மழை எப்படி, இந்த வருஷம் மக்காச்சோளம் வரத்து இருக்கா. ஆ. கண்ணாடியை உள்ளே விட்டு அந்தப் பக்கம் இந்தப் பக்கம் திருப்பிப் பார்த்தவர் குரலைத் தாழ்த்தாமலேயே, பாக்கு போடுறதுண்டோ என்றார். கனகவேலுக்கு உயிரே போயிற்று. மூன்று வருஷத்துக்கு முன்னால் இதே அன்னம் அவர் சட்டைப் பையிலிருந்து பொட்டலத்தை எடுத்துச் சாக்கடையில் போட்டுவிட்டு, இனிமே தொட்டா என்கூடப் பேசாதீங்க என்று அழுதாள், அவரும் ஊர்த்தெய்வம் செண்பகவல்லி அம்மன்மேல் ஆணையாக விட்டேன் என்றார். விட்டார்தான், ஒரு பதினெட்டு நாள். அப்புறம் எடை மேடையில் ராத்திரி லாரிக்காரர்கள் நீட்டுவதை வேண்டாம் என்று சொல்வது எப்படி. வீட்டில் கிடையாது. வீட்டுக்கு வரும்போது ஏலக்காய். இல்லை என்று தலையாட்டினார். தலையாட்டத் தலையையாவது விட்டு வைத்திருக்கிறார்களே. ஆனால் டாக்டர் கையில் கண்ணாடி இருக்கிறதே, அது ஏலக்காய்க்கெல்லாம் மயங்குகிற ஆளா. டாக்டர் உம் என்றார். அன்னம் ஓரடி முன்னால் வந்து எட்டிப் பார்த்தாள். பாவி மகளே, பார்க்காதே, அங்கே போய் நில்லு. பார்த்தாள். கன்னத்தின் உள்பக்கம், கறை, எல்லாம். அவள் முகம் சுளிக்குமா என்று அவர் அந்தக் கண்ணையே பார்த்தார், சுளிக்கவில்லை, கோபப்படவில்லை, ஏதோ பாடப் புத்தகத்தைப் படிக்கிற மாதிரி பார்த்தாள். அது இன்னும் மோசமாக இருந்தது. ஒரு நாளைக்கு நாற்பது ரூபாய், மாசம் ஆயிரத்து இருநூறு என்று தொடைக்கடியில் விரல் ஒரு சுற்றுச் சுற்றிவிட்டது, தவணையில் ஆறில் ஒரு பங்கு இந்தக் கன்னத்துக்குள் அடங்கிக் கிடக்கிறது. கணக்கு அந்த இடத்துக்கு வந்ததும் அவர் அதை அங்கேயே விட்டுவிட்டு வேறு பக்கம் போனார், யாரும் பார்க்கவில்லை என்பதுபோல.

வேறு பக்கம் என்றால் எங்கே, எந்தப் பக்கம் போனாலும் இதே பைபாஸ்தான். எடை மேடையில் இரண்டு எடை. லாரி சரக்கோடு ஏறும்போது ஒன்று, இறக்கிவிட்டு வெறும் வண்டியாக வரும்போது ஒன்று, அதிலிருந்து இதைக் கழித்தால் சரக்கு. இதில் என்ன தில்லுமுல்லு நடக்கும் என்றால், சரக்கோடு வரும்போது டிரைவர், கிளீனர், சொந்தக்காரன் இரண்டு பேர், எல்லோரும் கேபினில் கம்மென்று உட்கார்ந்திருப்பார்கள். வெறும் வண்டியாகத் திரும்பும்போது ஓரமாக இறங்கி நின்று பீடி பிடிப்பார்கள். நாலு ஆள் எடையும் உளுந்தாகிவிடும். கனகவேலிடம் அந்த ஜம்பம் பலிக்காது, ஜன்னல் வழியாகவே ஒரு சத்தம், இறங்குய்யா. அந்த ஒரு சொல்லுக்காகவே வியாபாரிகள் அவர் ஷிஃப்ட் பார்த்துச் சரக்கு அனுப்புவார்கள். அப்பேர்ப்பட்டவரிடம் காலேஜிலிருந்து ஒரு பெண் போனில் பேசினாள், தேனாகப் பேசினாள். படிச்சு முடிச்சதும் நூத்துக்கு நூறு வேலை சார், ஆரம்பமே இருபத்தஞ்சாயிரம் சார், வெளிநாடு போனா லட்சத்துல சார். கேபினுக்குள் எத்தனை பேர் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று அவருக்குத் தெரியாதா. ஒவ்வொருத்தராக இறக்கினார். வெளிநாடு இறங்கு. நூற்றுக்கு நூறு இறங்கு. இருபத்தைந்து இறங்கு. விசாரித்த இடத்தில் எல்லாம் பன்னிரண்டு என்றார்கள், சரி, பன்னிரண்டாயிரம். மதுரையிலோ கோயமுத்தூரிலோ ஒரு அறையும் சாப்பாடும் பஸ்ஸும் ஆறாயிரம். மீதி ஆறு. தவணை ஏழு அறுநூறு. இருபத்திரண்டு வருஷத்தில் மைனஸில் ஒரு சீட்டு அவர் அடித்ததில்லை, இப்போது பெற்ற மகளுக்கு அடிக்க வேண்டியிருக்கிறது. அந்த மாசா மாசம் ஆயிரத்து அறுநூறை யார் போடுவது, வேறு யார், பதினாலாயிரத்து ஐநூறு வாங்குகிற இந்த மகராசன்தான், கடலைமிட்டாய்க் கம்பெனியில் பொட்டலம் போடுகிற அந்த மகராசிதான். போட்டுவிடலாம். ஒரு வேளை வேலையே கிடைக்கவில்லை என்றால். கல்யாணம் ஆகி மாப்பிள்ளை வீட்டில் வேலைக்குப் போகக்கூடாது என்றால். அப்போது முழு ஏழு அறுநூறும். இப்போது ஐம்பத்தொன்று, அவள் முடித்து ஒரு வருஷம் தள்ளித் தவணை தொடங்கும்போது ஐம்பத்தாறு, முடியும்போது அறுபத்தாறு. எடை மேடை முதலாளி அறுபத்தாறு வயசில் யாரையும் ஜன்னலுக்குள் உட்கார வைக்க மாட்டார்.

சுந்தரராஜ் ஞாபகம் வேண்டாம் என்று பார்த்தால் சுந்தரராஜ்தான் வந்து நிற்கிறான். பகல் ஷிஃப்டில் கூட வேலை பார்க்கிறவன், மகனை இன்ஜினியரிங் படிக்க வைத்தான் கடன் வாங்கி, பையன் படித்தான், நல்ல பையன், இப்போது சென்னையில் வண்டியில் சாப்பாடு கொண்டுபோய்க் கொடுக்கிறான். பேங்க்கிலிருந்து இரண்டு பேர் எடை மேடைக்கே வந்தார்கள். திட்டவில்லை, சத்தம் போடவில்லை, மரியாதையாக, சுந்தரராஜ் சார் இருக்காரா என்று கேட்டார்கள். சுந்தரராஜ் பின்னால் ஜெனரேட்டர் ரூமுக்குள் போய் நின்றுகொண்டான், இல்லை என்று சொன்னது கனகவேல். பொய் எடை போடாத வாயால் சொன்ன பொய். அவர்கள் போன பிறகு சுந்தரராஜ் வெளியே வந்து, ஒன்றும் நடக்காத மாதிரி அடுத்த லாரிக்குச் சீட்டு அடித்தான், ஒரே சீட்டை இரண்டு தடவை. அந்த இரண்டாவது சீட்டைக் கிழித்துப் போட்டதிலிருந்துதான் கனகவேலுக்குக் கடன் என்றாலே பயம். ஜெனரேட்டர் ரூமில் டீசல் நாத்தம் வேறு, ஐந்து நிமிஷம் நிற்க முடியாது. அறுபது வயசில் அங்கே போய் நிற்கிற மாதிரி நினைத்துப் பார்த்தார். அதாவது பரவாயில்லை. இந்த அன்னம், இருபத்தைந்து வயசில், ஏதோ ஒரு ஆஸ்பத்திரியில், வாசலில் யாரோ மரியாதையாகப் பேரைச் சொல்லிக் கேட்க, உள்ளே எங்கேயோ போய் மறைந்து நிற்கிற மாதிரி ஒரு படம் வந்தது பாருங்கள், ஐயோ என்று சொல்லாமல் சொன்னார். கை தொடைக்கடியில் இருந்தது நல்லதாகப் போயிற்று.

இந்த நேரத்தில் டாக்டருக்குப் போன். மாமனார் பேசினால் எடுக்காமல் இருக்க முடியாது என்று அவர் வெளியே போக, செண்பகவல்லிக்கு அந்தப் பக்கம் எதையோ எடுக்க வேண்டியிருந்தது, எச்சில் உறிஞ்சுகிற குழாயைப் பிடிக்க ஆள் இல்லை. கையுறை மாட்டிக்கிட்டு இதைக் கொஞ்சம் பிடிக்கிறியா பாப்பா, நாக்குல ஒட்டாம, கன்னத்தோரமா என்றாள். அன்னம் பிடித்தாள். ஒரு விரலால் அவர் கன்னத்தை மெதுவாக ஒதுக்கிக்கொண்டு, மறு கையால் குழாயை ஓரத்தில் வைத்தாள். உணர்ச்சி இல்லாத கன்னம் வலது பக்கம், ஆனால் இடது பக்கம் உதட்டில் அவள் சுண்டுவிரல் பட்டுக்கொண்டிருந்தது, அது தெரிந்தது. இந்த விரலைப் பிடித்துத்தான் பள்ளிக்கூடம் கொண்டுபோய் விட்டார். இதற்குச் சோறு ஊட்டிய கை எங்கே, இப்போது அப்பன் வாயில் எச்சிலை எடுக்கிறதே இந்தப் பிள்ளை, பாக்குக் கறை பிடித்த வாயில், ஒரு அருவருப்புமில்லாமல். குழாய் உர் உர்ரென்று இழுக்கிறது. எச்சில் தேங்குகிற இடம் பார்த்து அவளாகவே நகர்த்தினாள், யாரும் சொல்லவில்லை. பிள்ளை என்ன அழகாகச் செய்கிறாள் என்று பெருமையாக இருந்தது, அந்தப் பெருமை வந்த வேகத்திலேயே பயமும் வந்தது, ஐயையோ நல்லாச் செய்கிறாளே, சொதப்பியிருந்தால் சுலபமாக வேண்டாம் என்று சொல்லியிருக்கலாமே. அப்படி நினைத்ததற்கு உடனே வெட்கப்பட்டார்.

அவர் வந்ததிலிருந்து ஊரைச் சுற்றியும் கேட்க முடியாத கேள்வியை அன்னம் குழாயைப் பிடித்தபடியே கேட்டுவிட்டாள், அக்கா உங்களுக்கு எவ்வளவுக்கா சம்பளம் என்று. இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு எங்கிருந்துதான் இந்தத் தைரியமோ. செண்பகவல்லிக்கும் ஒன்றும் கோபமில்லை. சேரும்போது ரெண்டாயிரத்து ஐந்நூறு, இப்போ பதினொண்ணு என்றாள். அவள் எங்கும் படிக்கவில்லை, பிளஸ் டூவோடு வந்து டாக்டர் சொல்லச் சொல்லக் கற்றுக்கொண்டதுதான் எல்லாம். அப்படியென்றால் நாலு வருஷமும் ஒன்பது லட்சமும் செலவழித்தால் இவளைவிட ஆயிரம் ரூபாய் கூட. கனகவேலின் விரல் தொடைக்கடியில் நகரவே மறுத்தது. படித்த பிள்ளைகள் இரண்டு பேர் இங்கேயே வந்தார்களாம், டாக்டரால் பன்னிரண்டுக்கு மேல் கொடுக்க முடியவில்லை, ஒருத்தி நாலே மாசத்தில் கோயமுத்தூர் போய்விட்டாள், இன்னொருத்தி கல்யாணமாகி நின்றுவிட்டாள். இதையெல்லாம் சொல்லிக்கொண்டே பஞ்சை உருட்டிய செண்பகவல்லி இன்னொரு பஞ்சை எடுத்தாள். அப்புறம் பஞ்சைப் பார்த்தே சொன்னாள்.

“மதுரையில ஒரு பெரிய ஆஸ்பத்திரில இருபத்திரெண்டு தாறேன்னாங்க பாப்பா. ஒரு நாள் முழுக்க வேலை வாங்கிப் பாத்துட்டு, ரொம்ப நல்லாச் செய்றீங்கன்னாங்க. சாயங்காலம் சர்ட்டிபிகேட் கேட்டாங்க. கடைசி பஸ்ஸப் பிடிச்சு வந்துட்டேன்.”

அதற்குள் டாக்டர் வந்துவிட்டார், மாமனார் நலம். அன்னம் குழாயைத் திருப்பிக் கொடுத்துவிட்டு மூலைக்குப் போனாள். கனகவேலுக்கு அந்தக் கடைசி பஸ் மனசைவிட்டுப் போகவே மாட்டேன் என்றது, கோவில்பட்டிக்கும் மதுரைக்கும் நடுவில் எங்கேயோ ஜன்னலோரம் இந்தப் பெண் உட்கார்ந்திருக்கிறாள், மடியில் பை, என்ன நினைத்திருப்பாள். பதினொரு வருஷமாக எடை சரியாக இருந்தும் கையில் சீட்டு இல்லாத வண்டி. அது ஒரு பக்கம். அதற்காக ஒன்பது லட்சமா, சீட்டுக்கு ஒன்பது லட்சமா, அது இன்னொரு பக்கம். மதுரையில் இருபத்திரண்டு கொடுக்கிற ஆஸ்பத்திரி எத்தனை இருக்கும், அதில் எத்தனை பேருக்கு இடம். கேபினுக்குள் யாரும் உட்கார்ந்திருக்கக் கூடாது, ஆசை இருக்கிறதா இறங்கு, பெருமை இருக்கிறதா இறங்கு, சுண்டுவிரல் பட்டது இருக்கிறதே அதுவும் இறங்கு. எல்லாவற்றையும் இறக்கிவிட்டுப் பார்த்தால் மைனஸ்தான். மைனஸ் ஆயிரத்து அறுநூறு. மறுபடி பார்த்தார், மைனஸ். முதலாளிக்குப் பயந்து மாற்றாத எடையை மகளுக்காக மாற்றினால் அது என்ன எடை. டாக்டர் ஏதோ ஒரு பசையை வைத்துப் பல்லை அடைத்துக்கொண்டிருந்தார், பல்லுக்குள் இருந்த நரம்பெல்லாம் எடுத்தாச்சு இனி வலிக்காது என்றார். சரி, வேண்டாம் என்றுதான் சொல்ல வேண்டும் என்று கனகவேல் முடிவுக்கு வந்தார். எப்படிச் சொல்வது என்பதுதான். பக்கத்து ஊர்க் காலேஜில் பி.காம் இருக்கிறது, பஸ் பாஸ் இருக்கிறது, தினமும் வீட்டுக்கு வந்துவிடுவாள், கண்ணெதிரே இருப்பாள், அதுவும் ஒரு சுகம்தானே. இதைச் சொன்னால் அழுவாளா. அழ மாட்டாள், சரிப்பா என்பாள், அவள் அப்படித்தான், அந்தச் சரிப்பாவை எப்படித் தாங்குவது. பேங்க் மூடுகிற மூன்று மணி வரைக்கும் இந்த வாய் மரத்தே கிடந்தால்கூடத் தேவலை என்று தோன்றியது, பேச வேண்டியதில்லை, நேரம் தானாகத் தாண்டிவிடும்.

மாடியிறங்கி வந்தபோது மணி பன்னிரண்டே முக்கால். கீழேயே மருந்துக்கடை. சீட்டை நீட்டிவிட்டு இரண்டு பேரும் கண்ணாடிப் பெட்டியைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். அவருடைய வலது கன்னம் சொந்தக்காரன் இல்லாத பொருள் மாதிரி தொங்கியது, அவர் கைக்குட்டையால் வாயோரத்தைத் துடைத்துத் துடைத்துப் பார்த்தார், ஈரமாக இருக்கிறதா என்றே தெரியவில்லை. சொல்லிவிட வேண்டும், இப்போதே, மாத்திரை வருவதற்குள் என்று அவர் நாக்கைப் புரட்டிச் சரிசெய்துகொண்டிருக்கையில் அன்னம்தான் முந்திக்கொண்டாள். அவர் முகத்தைப் பார்க்காமல், பெட்டிக்குள் இருந்த இருமல் மருந்தைப் பார்த்துச் சொன்னாள்.

“ப்பா, பேங்க்குக்குப் போக வேண்டாம். நேத்தே நினைச்சுட்டேன். நீங்க போடுற கணக்கை நானும் போட்டேன், எனக்கும் மைனஸ்தான் வந்துச்சு. உள்ள வந்து நின்னதுகூட, ரத்தமும் எச்சியும் பாத்தா வெறுத்துரும், லேசா விட்டுறலாம்னுதான்.”

அவர் ம் என்றார். அவர் சொல்ல வைத்திருந்ததையெல்லாம் அவளே சொல்லிவிட்டாள், இனி தலையாட்டினால் போதும், வீட்டுக்குப் போகலாம். இவ்வளவு சுலபமாக முடிந்ததற்கு நிம்மதி வர வேண்டும், வரவில்லை. அன்னம் முகமூடியை இன்னும் கழற்றவில்லை. அது மூச்சுக்கு மூச்சு உள்ளேயும் வெளியேயும் போய் வந்துகொண்டிருந்தது.

“வெறுக்கலப்பா. பிடிச்சிருச்சு.”

ஏதோ திருடிவிட்டு வந்து ஒப்புக்கொள்கிற குரலில் சொன்னாள். சொல்லிவிட்டு அழுதாள், சத்தமில்லாமல்தான், ஆனாலும் மருந்துக்கடைக்காரர் நிமிர்ந்து பார்த்து மாத்திரை எண்ணுவதை நிறுத்தும் அளவுக்கு. கனகவேலின் கட்டைவிரல் கணுவைத் தேடியது. இதற்கு எண் எங்கே இருக்கிறது, இதை எந்தக் கணுவில் தொடுவது. பிடித்த வேலை என்று ஒன்று உலகத்தில் இருக்கிறது என்பதே அவருக்கு இதுவரை தெரியாது, கிடைத்த வேலை தெரியும், விட முடியாத வேலை தெரியும். ஐம்பத்தொரு வயசில் ஒரு தடவைகூட அவர் பிடிச்சிருச்சு என்று எந்த வேலையைப் பற்றியும் யாரிடமும் சொன்னதில்லை, அதுவும் இப்படி அழுதுகொண்டு. கணக்கு மாறவில்லை, மைனஸ் மைனஸாகவேதான் இருந்தது, அதை அவர் மறைக்கப் போவதில்லை. தெரிந்தே ஏற்றுகிற பாரமாக இருக்கட்டும். இந்தப் பிள்ளைமேல் தனக்கு இருக்கிற பிரியத்தை எங்கே கொண்டுபோய் வைப்பது என்று தெரியவில்லை. பேங்க் ஃபாரம் எங்கே என்றார். காற்று மட்டும் வந்தது. மறுபடி சொன்னார், எச்சில் தெறித்தது, அவளுக்குப் புரிந்துவிட்டது. வேண்டாம்ப்பா என்றாள். அவள் பையைத் தானே வாங்கித் திறந்தார். ஃபாரம் இருந்தது, எல்லாக் கட்டமும் அவளுடைய உருண்டையான எழுத்தில் நிரப்பியிருந்தது, அவள் படம் ஒட்டியிருந்தது, பக்கத்தில் தகப்பனார் படம் ஒட்ட வேண்டிய சதுரம் மட்டும் காலி. போக வேண்டாம் என்று நேற்றே முடிவு பண்ணிய பிள்ளை எதற்காக அவரிடம் படம் கேட்கப் போகிறாள்.

மருந்துக்கடைக்கு நாலு கடை தள்ளி ஸ்டூடியோ. உட்கார்ந்தார். போட்டோக்காரப் பையன் கேமராவைக் கண்ணில் வைத்தவன் இறக்கிவிட்டு, சார், சிரிக்கக் கூடாது, நேரா வைங்க என்றான். அவர் சிரிக்கவில்லை. உதட்டை நேரா வைங்க சார், ஒரு பக்கம் இறங்கியிருக்கு. கையால் தூக்கி வைத்தார், மறுபடி இறங்கிவிட்டது. ஊசி போட்டிருக்காங்க என்று அன்னம் பின்னாலிருந்து விளக்கினாள். அப்போ ரெண்டு மணி நேரம் கழிச்சு வாங்களேன் சார், நல்லா வரும். மணியைப் பார்த்தார், ஒன்றே கால். இன்னும் இரண்டு மணி நேரத்தில் பேங்க் கதவு மூடியிருக்கும். எடு எடு என்று கையைக் காட்டினார். அன்னம் பையனின் தோளுக்குப் பின்னால் நின்று, ஈரம் காயாத முகத்தோடு, உதட்டைக் கடித்துச் சிரிப்பை அடக்கப் பார்த்தாள், அடங்கவில்லை, பொங்கிவிட்டது. அதைப் பார்த்ததும் அவருக்கு உணர்ச்சி இருந்த பக்கம் மொத்தமும் சிரித்தது. பையன் எடுத்துவிட்டான்.

பேங்க்கில் அந்த அதிகாரி படத்தைப் பார்த்தார், நிமிர்ந்து முகத்தைப் பார்த்தார், மறுபடி படத்தைப் பார்த்தார். இரண்டும் ஒன்றுபோலவே இருந்தன. கோந்தைத் தடவி ஒட்டிவிட்டு, எங்கே கையெழுத்துப் போட வேண்டும் என்று காட்டினார்.